உங்களுக்குத் தெரியுமா? பழைய காரும் மெட்டாலிக் பெயிண்டும்

ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பழைய பியட்டுக்கோ, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கோ நாமே பெயிண்ட் அடித்தால் என்ன என்று பலருக்கும் தோன்றும். அதுவும் மெட்டாலிக் என்றால் எடுப்பாக இருக்குமே! தாராளமாக அடிக்கலாம். கம்ப்ரசர் பிளக்கைச் சொருகும் முன் இந்தத் துணுக்குகளை ஒரு முறை படித்துவிடுங்கள்.

டப்பாவில் பாதி, கையில் மீதி

சாதாரண பெயிண்டில் நிறமித் தூள் மட்டும்தான். மெட்டாலிக்கில் அதோடு எண்ணற்ற அலுமினியச் செதில்களும் கலந்திருக்கும். ஒரு செதிலின் அகலம் பெரும்பாலும் 5 முதல் 50 மைக்ரான். தடிமன் 1 மைக்ரானைக்கூடத் தொடாது. தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும்! செதில்கள் எல்லாம் சீராகப் படுத்திருந்தால் நேரே பார்க்கும்போது பளீரென்றும், பக்கவாட்டில் பார்க்கும்போது இருண்டும் தெரியும். தாறுமாறாகச் சாய்ந்து கிடந்தால் அந்த வித்தியாசம் மழுங்கிவிடும். மயில்கழுத்துப் பட்டுப்புடவை கோணத்துக்கு ஒரு நிறம் காட்டுகிறதே, அந்தக் கதைதான். புடவையில் அதை முடிவு செய்வது தறி. காரில் முடிவு செய்வது ஸ்ப்ரே கன் பிடிக்கும் கை. ஒரே டப்பாவை இருவர் அடித்தால் இரண்டு ஷேடு வருவது இதனால்தான்.

மீன் செதிலில் மினுங்கிய கார்கள்

அலுமினியம் பரவலாவதற்கு முன், கார் பெயிண்டில் மினுமினுப்புக்குக் கைகொடுத்தது மீன். ஹெர்ரிங் போன்ற மீன்களின் செதிலிலிருந்து குவானின் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, 1920, 30-களில் பெயிண்டில் கலந்தார்கள். போலி முத்துகளுக்குப் பளபளப்பு ஏற்றியதும் இதே சரக்குதான். கொஞ்சம் செதில்சாறு கிடைக்கவே குவியல் குவியலாக மீன் வேண்டும். விலை எகிறியதால் அது பணக்காரர்களின் கார்களோடு நின்றுபோனது.

‘சில்வர் கோஸ்ட்’ பெயர் வந்த வழி

1907-ல் ரோல்ஸ்-ராய்ஸ் தன் 40/50 குதிரைத்திறன் காரில் ஒன்றை மட்டும் விளம்பரத்துக்காகத் தனியாக அலங்கரித்தது. பாடிக்கு அலுமினியப் பெயிண்ட், விளக்குகளுக்கும் பிற பாகங்களுக்கும் வெள்ளி முலாம். ஏ.எக்ஸ். 201 என்ற பதிவு எண் கொண்ட அந்த ஒற்றைக் காருக்குத்தான் முதலில் ‘சில்வர் கோஸ்ட்’ என்று பெயர். பிறகு அந்த மாடல் முழுவதற்குமே அது நிலைத்துவிட்டது.

வாரக் கணக்கு மணிக் கணக்கானது

ஃபோர்டு மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது. அந்தக் காலத்தில் வண்ண வார்னிஷ் பூசிய கார் காய்ந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். 1923-ல் டூபாண்ட் நிறுவனம் ‘டூகோ’ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டைக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்ட் கார்கள் அதை நீல நிறத்தில் பூசிக்கொண்டு வந்து நின்றன. காயும் நேரம் மணிக்கணக்கில் சுருங்கியது. நம் ஊர் பட்டறைகளில் இன்றும் ‘டூகோ’ என்ற பெயர் புழங்குகிறது. பழைய சினிமா ஃபிலிமும் வெடிமருந்துப் பஞ்சும் இதே நைட்ரோசெல்லுலோஸ்தான். ஆகவே இந்த என்.சி. பெயிண்ட் அடிக்கும் இடத்தில் பீடி, சிகரெட், விளக்கு, அடுப்பு எதுவும் கூடவே கூடாது.

பெயிண்டைச் சுரண்டி ஜெயித்தார்களா?

1934-ல் பந்தயக் கார்களின் எடை 750 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று விதி. மெர்சிடஸ் கார் ஒரு கிலோ கூடுதலாக இருந்ததாம். ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டி எடுத்ததில் அடியிலிருந்த அலுமினியம் மின்ன, ‘சில்வர் ஆரோ’ என்ற பட்டப்பெயர் பிறந்ததாம். இதைச் சொன்னவர் அணியின் மேலாளர் ஆல்ஃபிரட் நொய்பாவர். வரலாற்று ஆய்வாளர்கள் பலர் இதை நம்புவதில்லை. ஆனால் பெயிண்டுக்கு எடை உண்டு என்பது நிஜம். பழைய காரில் அடுக்கடுக்காக ஏறியிருக்கும் பெயிண்டையும் பட்டியையும் முழுக்கச் சுரண்டிப் பாருங்கள், குப்பையே கிலோக்கணக்கில் சேரும்.

ஜேம்ஸ் பாண்டின் கார் முதலில் சிவப்பு

1964-ல் வந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தின் ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.5, உலகத்தின் பிரபலமான மெட்டாலிக் கார்களில் ஒன்று. அந்த நிறத்துக்கு ‘சில்வர் பிர்ச்’ என்று பெயர். படத்துக்குக் கொடுக்கப்பட்ட முன்மாதிரிக் கார் அதற்கு முன் ‘டூபோனே ரெட்’ என்ற அடர் சிவப்பில் இருந்தது. ரீ-பெயிண்ட் செய்த கார் என்றால் மட்டம் என்று யாராவது சொன்னால் இதை எடுத்துவிடுங்கள்.

வெள்ளி பொய் சொல்லாது

பளபளக்கும் வெள்ளை பல குறைகளை மறைக்கும். சில்வர் எதையும் மறைக்காது. அடியில் எமரி விட்ட கோடுகூடச் செதில்கள் வழியாக மேலே தெரியும். பட்டியை 80 நம்பர் பேப்பரில் வடிவத்துக்குக் கொண்டுவந்து, 180, 320 என்று இறங்கி, பிரைமரை 600 அல்லது 800 நம்பர் வாட்டர் பேப்பரில் முடியுங்கள். சந்தேகம் இருந்தால் பிரைமர் மேல் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூவினாற்போல் அடித்து, கட்டையில் சுற்றிய பேப்பரால் தேயுங்கள். மேடான இடத்தில் கறுப்பு முதலில் அழியும். பள்ளத்தில் அப்படியே நிற்கும். கண்ணுக்குத் தெரியாததை அந்தக் கறுப்பு காட்டிக் கொடுத்துவிடும்.

பழைய தூளில் ஈயம்

பழைய கார்களின் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சுப் பெயிண்டுகளில் ஈயக் கலவைகள் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடாமல், தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நல்லது. அந்தக் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

பளபளப்பு இல்லையே என்று பயப்படாதீர்கள்

இன்றைய மெட்டாலிக் வேலை இரண்டு கட்டம். முதலில் நிறமும் செதிலும் உள்ள பேஸ். அதற்கு மேல் கண்ணாடி போன்ற கிளியர். பேஸ் காய்ந்ததும் மங்கி, சுண்ணாம்பு பூசியது போலத் தெரியும். முதன்முறை அடிப்பவர்கள் இங்கேதான் மனம் உடைந்து மறுபடி மறுபடி அடிக்கிறார்கள். தேவையில்லை. பேஸின் தடிமன் 15 மைக்ரானை ஒட்டியே இருந்தால் போதும். பளபளப்பைத் தருவது அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தடிமனுள்ள கிளியர்தான்.

மெட்டாலிக்கைத் தேய்த்தால் கறுக்கும்

1950, 60-களில் வந்த பல மெட்டாலிக் கார்களுக்குக் கிளியர் கிடையாது. பாலிஷ் போடப் போட மேல் செதில்கள் உடைந்து, காற்றும் ஈரமும் பட்டு மங்கிப்போயின. கிளியர் பரவலானது 1980-களில்தான். இன்றும் விதி அதேதான்: தூசி ஒட்டிக்கொண்டால் பேஸைத் தேய்த்துவிட்டு அப்படியே கிளியர் அடிக்காதீர்கள், தேய்த்த இடம் திட்டாகத் தெரியும். தேய்த்தால் அந்த இடத்தில் மறுபடி ஒரு கோட் பேஸ் கட்டாயம். கிளியரை மட்டும் காய்ந்தபின் 2000 நம்பர் பேப்பரில் தேய்த்து, காம்பவுண்டு போட்டு மெருகேற்றலாம்.

மேகம் கலைக்கும் கடைசிக் கோட்

முன் மட்கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னை 15 முதல் 20 செ.மீ. தூரத்தில், தகட்டுக்குச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டை வளைத்து வீசினால் நடுவில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் விழும். தோளோடு சேர்த்து நேர்கோட்டில் நகர வேண்டும். சாதாரண நிறத்துக்கு ஒரு வீச்சின் பாதியை அடுத்த வீச்சு மூடினால் போதும். மெட்டாலிக்குக்கு முக்கால்வாசி மூட வேண்டும். இல்லாவிட்டால் புலியின் உடம்பைப் போல வரிவரியாகிவிடும். ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் ஈரம் போய் மங்கும்வரை, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள்.

இரண்டு மூன்று கோட் ஆனதும் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். அங்கங்கே இருட்டும் வெளிச்சமுமாக மேகத் திட்டுகள் தெரியும். பெயிண்ட் அதிகமாக நனைந்த இடத்தில் செதில்கள் புரண்டு கறுத்திருக்கும். குறைவாக நனைந்த இடத்தில் வெளுத்திருக்கும். இப்போது காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைத்து, கன்னை முன்பைப்போல ஒன்றரை மடங்கு தள்ளிப் பிடித்து, ஒரு மெல்லிய தூவல் கொடுங்கள். பட்டறைக்காரர்கள் டிராப் கோட் என்பது இதைத்தான். ஒரே மாதிரி இறங்கும் செதில்கள் திட்டுகளை மூடிவிடும். மெட்டாலிக் வேலையின் உயிர் இந்த ஒரு கோட்டில் இருக்கிறது.

கதவைப் படுக்க வைக்காதீர்கள்

கழற்றிய கதவை ஸ்டூல் மேல் படுக்க வைத்து அடிப்பது வசதிதான். ஆனால் ஈரப் பெயிண்டில் செதில்கள் தாழ்வான பக்கம் நகரும். காரில் நிற்கப்போகும் கதவை நிற்க வைத்தே அடிக்க வேண்டும். படுக்கப்போகும் பானெட்டைப் படுக்க வைத்து அடிக்க வேண்டும். கதவைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அடித்தவர்கள், மாட்டியபின் பக்கத்துத் தகட்டோடு ஷேடு சேராமல் தலையில் கைவைத்ததுண்டு.

எல்லா டப்பாவும் ஒரே வாளியில்

ஒரே கலர் கோடு கொண்ட இரண்டு டப்பாக்களுக்குள்ளும் இம்மி வித்தியாசம் இருக்கலாம். கார் முழுவதற்கும் தேவையானதை ஒரே நேரத்தில் வாங்கி, பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துவிட்டு, பிறகு அளந்து எடுங்கள். செதில்கள் கனமானவை, அடியில் போய்ப் படிந்துவிடும். ஒவ்வொரு முறை கப்பை நிரப்பும்போதும் அடிவரை கிளறி, வடிகட்டி ஊற்ற வேண்டும். கலக்காமல் மேலாக எடுத்து அடித்த பானெட்டுக்கும் அடிமண்டியில் அடித்த டிக்கிக்கும் உறவே இருக்காது.

வெயில் நிறத்தை மாற்றும்

தின்னரில் வேகமாக ஆவியாவது, மெதுவாக ஆவியாவது என்று ரகங்கள் உண்டு. வெயில் நேரத்தில் வேகமான தின்னரைக் கலந்தால், பெயிண்ட் காரைத் தொடும் முன்பே பாதி காய்ந்து நிறம் வெளிறும். மெதுவானதைக் கலந்தால் ஈரம் நெடுநேரம் நின்று அடர்ந்து தெரியும். காலையில் ஒரு பக்கமும், உச்சி வெயிலில் மறுபக்கமும் அடித்தால் காரின் இரு பக்கமும் இரு நிறமாக வாய்ப்பு உண்டு.

மழைநாளில் பால் படரும்

என்.சி. பெயிண்ட் அடித்ததும் தின்னர் வேகமாக ஆவியாகி தகட்டைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, பெயிண்டே பால் தெளித்தது போல வெளுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஷெட்டுக்குள் அடித்தாலும் இதுதான் கதி. வறண்ட நாள் வரும்வரை கன்னைத் தொடாமல் இருப்பதே மலிவான வைத்தியம்.

கம்ப்ரசர் சின்னது, கன் பெரியது

எச்.வி.எல்.பி. கன் மூக்கில் காற்றழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாது. அழுத்தம் குறைவு, காற்றின் அளவு அதிகம். அதனால் பெயிண்ட் பறந்து வீணாவது குறைவு. பழைய ரக கன்னில் பாதிக்கும் மேல் காற்றோடு போய்விடும். ஆனால் எச்.வி.எல்.பி. கன் காற்றைக் குடிக்கும் வேகத்துக்கு பஞ்சர் கடை அளவு கம்ப்ரசர் ஈடுகொடுக்காது. நடுவில் அழுத்தம் விழுந்தால் தூவல் பெரிய பெரிய துளியாக மாறி, செதில்கள் கட்டி கட்டியாக உட்காரும். சின்ன கம்ப்ரசர்தான் இருக்கிறது என்றால் ஒரே மூச்சில் முழுக் காரையும் அடிக்க நினைக்காமல், தகடு தகடாகப் பிரித்துக்கொள்ளுங்கள். டியூப் நடுவே நீர் பிடிக்கும் வடிகட்டியும் அவசியம்.

தலைக்கு வைத்த எண்ணெய் காரில் கண் திறக்கும்

அடித்த பெயிண்டில் சின்னச் சின்ன வட்டக் குழிகள் விழுகின்றனவா? டேஷ்போர்டு பாலிஷில் உள்ள சிலிக்கானோ, கைவிரலில் இருந்த எண்ணெய்ப் பசையோ காரணமாக இருக்கலாம். அந்த இடத்தை பெயிண்ட் நனைக்காமல் விலகிப் போகிறது. எமரி போடுவதற்கு முன்னும் பின்னும் கிரீஸ் நீக்கும் திரவத்தால் துடையுங்கள். ஒரு துணியால் நனைத்து, காய்வதற்குள் இன்னொரு துணியால் எடுக்க வேண்டும். அதன்பின் வெறுங்கையால் தடவிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

மூக்குக்குத் தெரியாத ஆபத்து

டூ-கே கிளியரில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. 1984-ல் போபாலில் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட்டும் இந்த வேதிக் குடும்பம்தான். ஹார்டனரில் இருப்பது அதே பொருள் அல்ல என்றாலும் நுரையீரலுக்கு நண்பன் இல்லை. பிரிட்டனில் தொழில்வழி ஆஸ்துமாவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று கார் ஸ்ப்ரே பெயிண்டிங். உடம்பு ஒருமுறை இதற்கு ஒவ்வாமை பெற்றுவிட்டால், அடுத்த முறை துளி அளவே மூச்சைத் திணறடிக்கும். வாசனை வந்தால் உஷாராகிவிடலாம் என்று நினைப்பதும் தப்பு. ஆபத்தான அளவில்கூட வாசனை தெரியாமல் இருக்கலாம். முகத்தில் கட்டும் கைக்குட்டைக்கோ துணி மாஸ்குக்கோ இங்கே வேலையே இல்லை. குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் மாஸ்க் வேண்டும். அது இல்லாதவர்கள் பட்டி, எமரி, பிரைமர் எல்லாவற்றையும் வீட்டில் முடித்துவிட்டு, பேஸ், கிளியர் இரண்டையும் ஸ்ப்ரே பூத் உள்ள பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பெயிண்டுக்குள் ஹைட்ரஜன்

அலுமினியச் செதில்களை இரும்புக் குண்டுகள் உருளும் டிரம்மில், கரைப்பானோடும் ஸ்டியரிக் அமிலத்தோடும் சேர்த்து நசுக்கித் தயாரிக்கிறார்கள். உலர்ந்த தூளாக இருந்தால் வெடிக்கும் அபாயம் உண்டு என்பதால் பசையாகவே விற்பனைக்கு வரும். தண்ணீர் கலந்த நவீன பெயிண்டில் இன்னொரு சிக்கல்: அலுமினியம் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும், டப்பா உப்பிவிடும். அதற்காகவே செதில்கள் ஒவ்வொன்றுக்கும் சிலிக்கா போன்ற மெல்லிய உறை போடுகிறார்கள்.

கோட்டுக்குக் கோட் சிவக்கும் கேண்டி

வெள்ளி அல்லது தங்க மெட்டாலிக் மேல், ஒளி ஊடுருவும் சிவப்பை அடுக்கடுக்காக ஏற்றுவது கேண்டி முறை. 1950-களில் கேண்டி ஆப்பிள் ரெட் நிறத்தை உருவாக்கிப் புகழ்பெற்றவர் அமெரிக்க கார் கலைஞர் ஜோ பெய்லன். ஒவ்வொரு கோட்டுக்கும் நிறம் ஆழமாகிக்கொண்டே போகும். ஆகவே கதவுக்கு நாலு கோட், மட்கார்டுக்கு ஐந்து கோட் என்றால் கார் காட்டிக்கொடுத்துவிடும். முதல் காருக்கு இந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

முத்துக்குப் பின்னால் மைக்கா

பேர்ல் நிறங்களில் மினுங்குவது உலோகம் இல்லை. மைக்கா தகடுகளின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய செதில்கள் அவை. டூபாண்ட் 1963-ல் இதற்குக் காப்புரிமை பெற்றது. பூச்சின் தடிமனை இம்மி மாற்றினால் தங்கமாக, நீலமாக, சிவப்பாக ஒளி மாறும். தனியாக நிறமி தேவையில்லை.

சின்னக் கீறல், பெரிய வேலை

மெட்டாலிக் கதவில் நடுவே கீறல் விழுந்தால், கதவை மட்டும் அடித்தால் தனியாகத் தெரியும். பேஸைப் பக்கத்துத் தகடு வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவிட்டு, கிளியரை இரண்டு தகடுகளிலும் முழுக்க அடிக்க வேண்டும். கலர் பார்க்கும் கருவியும் மெட்டாலிக்கைப் பல கோணங்களில் அளக்கிறது, ஒரு கோணம் போதாது. டியூப்லைட்டில் ஒத்துப்போன ஷேடு வெயிலில் பிரிந்து நிற்கலாம் என்பதால், முடிவை எப்போதும் வெளியில் நின்று சொல்லுங்கள்.

ஆர்.சி. புத்தகத்துக்கும் ஒரு கோட்

நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யிலும் மாற்றிப் பதிய வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆவது விதிப்படி, ராணுவ வாகனம் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்க அனுமதி இல்லை. பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளவும். 50 வருடம் தாண்டிய கார்களை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்ய 2021-ல் தனி விதிகள் வந்தன. அந்தப் பதிவு எண்ணில் ‘வி.ஏ.’ எழுத்துகள் இருக்கும். சேஸிஸ், பாடி, எஞ்சினைப் பெரிதாக மாற்றியிருந்தால் அந்தத் தகுதி கிடைக்காது.

டப்பாவோடு ஓர் அட்டையும்

அடிக்கும் முன் சின்னத் தகரத் துண்டுகளில் சோதித்துப் பாருங்கள்: இரண்டு கோட், மூன்று கோட், டிராப் கோட்டோடு, அது இல்லாமல். பிடித்த துண்டின் பின்பக்கம் தின்னர் அளவு, காற்றழுத்தம், கன் தூரம், கோட் எண்ணிக்கை, அன்றைய வெயில் எல்லாவற்றையும் மார்க்கரால் எழுதுங்கள். சில வருடம் கழித்து யாராவது பின்னால் இடித்துவிட்டால் பெயிண்ட் கடையில் கலர் கோடு கேட்பார்கள். அது டப்பாவின் நிறத்தைத்தான் சொல்லும். உங்கள் காரின் நிறம் இந்தத் துண்டில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.